ஒலிப்பெட்டிகளில் இடைச்செருகல்

ஏட்டுச் சுவடியைப் படியெடுக்க அமர்ந்தவன், தனக்கு விளங்காத இடத்தில் தன் சொந்தச் சொல்லைப் பெய்து வைத்தால், அதனை இடைச்செருகல் என்று தமிழுலகம் இகழும். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், சுவடிகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கியே மூலத்தைத் துணிந்தார். பாடபேதங்களைத் தனியே காட்டும் நேர்மையைத் தம் பதிப்புகளில் பேணினார். தமக்குப் பிடித்த சொல்லை மூலத்துள் திணித்து, 'திருத்திய பதிப்பு' என்று விலையேற்றி விற்கவில்லை. இலக்கியத்துக்கு வேண்டிய இந்த நேர்மை, பாட்டுக் கேட்கும் மரப்பெட்டிக்கும் வேண்டுமோ என்று நகைப்பாரும் உளர். வேண்டும். மரப்பெட்டியும் ஒருவரது சிந்தனையின் மூலப்படியே.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1940களின் நடுவிலிருந்து 1970களின் இறுதிவரை உருவான பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள், இன்று உலகெங்கும் கைமாறிக் கொண்டிருக்கின்றன. ஸ்பீக்கர் என்ற பெயரே பழகிவிட்ட இவற்றை வாங்கும் அன்பரின் நடைமுறை பெரும்பாலும் ஒரே வகையானது. ஆறு மாதம் அலைந்து ஓர் இணையை வாங்குகிறார். ஒரு மாதம் மகிழ்கிறார். இரண்டாம் மாதம், 'இதனை இன்னும் மேம்படுத்தலாமே' என்று யாரோ காதில் ஓதுகிறார். பெட்டி பிரிக்கப்படுகிறது, கம்பிகள் மாறுகின்றன, மின்தேக்கிகள் மாறுகின்றன, டுவீட்டரும் மாறுகிறது. ஆறாம் மாதம், 'முழுமையாக மேம்படுத்தப்பட்டது' என்ற விளம்பரத்தோடு அது விற்பனைக்கு வருகிறது. அந்தப் பணத்தில் அதனினும் பெரிய இணை வீட்டுக்குள் நுழைகிறது. இதற்கிடையே முழுமையாக ஒரு கச்சேரியை அவர் அமர்ந்து கேட்டாரா என்று வினவினால் விடை கிடைப்பதரிது. பாட்டின் முதல் இரண்டு நிமிடம் போதும் அவருக்கு. ஒலிபெருக்கியைச் சோதிக்க அதற்குமேல் தேவையில்லை அன்றோ!

இப்பெட்டிகள் ஏன் இவ்வளவு பெரியனவாக அமைந்தன என்பதை அறியாதவரே அவற்றின்மீது முதலில் கை வைக்கின்றனர். தாழ்ந்த ஒலியை எழுப்ப மிகுதியான காற்றை அசைக்க வேண்டும். நொடிக்கு 40 அதிர்வு கொண்ட ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 28 அடி. அக்காலத்து வால்வு ஆம்ப்ளிபயர்களோ சில வாட் ஆற்றலே தரவல்லன. குறைந்த ஆற்றலைக் கொண்டு நிறைந்த ஒலி பெறவேண்டுமாயின், ஊதுகுழல் போல விரிந்து செல்லும் கொம்பு அமைப்பே வழி. ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் என்னும் சிற்றூரில் பால் கிளிப்ஷ் என்ற பொறியாளர் 1946இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'கிளிப்ஷ்ஹார்ன்' இவ்வழியில் பிறந்தது. கொம்பைப் பெட்டிக்குள் மடித்து வைத்து, அறையின் மூலையில் சந்திக்கும் இரு சுவர்களையே அக்கொம்பின் தொடர்ச்சியாக அவர் பயன்படுத்திக் கொண்டார். வீடே கருவியின் ஓர் உறுப்பாகிவிட்டது! 1945இல் ஆல்டெக் லான்சிங் நிறுவனம் திரையரங்குகளுக்கென உருவாக்கிய 'வாய்ஸ் ஆப் தி தியேட்டர்' பெட்டிகளும் இதே தேவையின் பிள்ளைகள். திரைக்குப் பின்னால் நின்று ஆயிரம் பேருக்குப் பேசவேண்டிய அவற்றைக் கூடத்தின் சோபா அருகே நிறுத்தி, 'ஓசை முகத்தில் அறைகிறது. மேம்படுத்த வேண்டும்' என்று குறைகூறுவோரை என்னென்பது?

இதற்கு நேர் எதிரான வழியைக் கண்டவர் எட்கர் வில்ச்சர். ஆசிரியர்கள் அறிந்துகொள்ளத் தக்கவர் இவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவும் ஒலிமீட்பும் பற்றிப் பாடம் நடத்தியவர். தம் வகுப்புக்கு வந்த ஹென்றி கிளாஸ் என்னும் மாணவரையே பங்காளியாகக் கொண்டு 1954இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவரை வூபர் கூம்பைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தியது அதன் விளிம்பின் விறைப்பு. அவ்விறைப்பு சீரானதன்று, கூம்பு மிகுதியாக அசையும்போது ஒலியைத் திரிக்கும். வில்ச்சர் விளிம்பை மிக இளக்கமாக்கி, காற்றுப் புகாமல் அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்றையே வில்சுருளாகப் பயன்படுத்தினார். காற்று சீராக அழுந்தும், சீராக விரியும். பெரிய பெட்டியால் மட்டுமே இயலும் என்றிருந்த தாழொலி சிறிய பெட்டியிலிருந்து வந்தது. ஈடாக மிகுந்த ஆம்ப்ளிபயர் ஆற்றலை அது விழுங்கியது. 1958இல் வெளிவந்த ஏஆர்-3 என்னும் பெட்டியைக் கொண்டு அந்நிறுவனம் நிகழ்த்திய காட்சிகள் புகழ்பெற்றவை. பைன் ஆர்ட்ஸ் நால்வர் இசைக்குழு மேடையில் வாசிக்கும். இடையில் வில்லை நரம்பில் படாமல் அசைத்துக் கொண்டிருக்க, பதிவு செய்த இசை பெட்டிகளிலிருந்து எழும். மாறிய இடத்தை அவையோர் பலர் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெட்டி பின்னாளில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அரும்பொருள் தொகுப்பில் இடம்பெற்றது.

இனி, அப்பெட்டிக்கு மேம்படுத்துவோர் கையில் நேரும் கதியைக் காண்க. பின்புறத்தில் உள்ள சிறிய திருகு முனைகள் அன்பருக்கு மதிப்புக் குறைவாகத் தோன்றுகின்றன. துளையிட்டுப் பொன்முலாம் பூசிய தடித்த முனைகளைப் பொருத்துகிறார். துளையின் ஓரம் சரியாக அடைபடவில்லை. காற்றைச் சுருளாகக் கொண்டு இயங்கும் பெட்டியில் காற்றுக் கசிந்தால் எஞ்சுவது யாது? வில்ச்சரின் கண்டுபிடிப்பு அந்தத் துளை வழியே வெளியேறிவிடுகிறது. பொன்முலாம் மட்டும் மின்னுகிறது. அடுத்து, உள்ளே அடைத்திருக்கும் கண்ணாடி நாரைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தம் மனம்போனபடி பஞ்சை நிரப்புகிறார். அந்நார் எத்தனை நிறை இருக்கவேண்டும் என்பதும் வடிவமைப்பின் கணக்கில் சேர்ந்தது என்பது அவர் அறியாதது. அதே பெட்டியின் ஒலியளவுக் குமிழ்கள் உள்ளே துருப்பிடித்து டுவீட்டரை ஊமையாக்குவது யாவரும் அறிந்த பழைய நோய். குமிழைக் கழற்றித் துடைத்தால் பெரும்பாலும் தீரும் அந்நோய்க்கு, டுவீட்டரே செத்துவிட்டது என்று முடிவுகட்டி, வேறு நாட்டில் வேறு காலத்தில் செய்த டுவீட்டரை வெட்டிப் பொருத்திய பெட்டிகள் எத்தனையோ!

மின்தேக்கி பற்றிய மயக்கம் இவை எல்லாவற்றினும் பெரிது. வூபருக்குத் தாழொலியையும் டுவீட்டருக்கு மேலொலியையும் பங்கிட்டுக் கொடுக்கும் மின்சுற்றைக் கிராஸ்ஓவர் என்பர். அதிலுள்ள மின்பகுளி வகை மின்தேக்கிகள் நாற்பது ஐம்பது ஆண்டில் உலர்ந்து, தம் மின்தடை ஏறிப்போக, டுவீட்டர் மங்கும். மாற்றவேண்டியதுதான், இதில் எவருக்கும் பிணக்கில்லை. ஆனால் அதே அளவுள்ள எளிய மின்தேக்கி சில வெள்ளிக்குக் கிடைக்க, ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து, செம்புத் தகட்டாலும் வெள்ளித் தகட்டாலும் ஆனவற்றை வரவழைத்துப் பொருத்துகின்றனர். படல வகையைச் சேர்ந்த இவற்றின் உள்தடை மிகக் குறைவு. மூலத்தை வடிவமைத்தவர் பழைய மின்தேக்கியின் சிறு தடையையும் கணக்கில் கொண்டே டுவீட்டரின் அளவை நிறுவியிருந்தால், இப்போது அது அவர் எண்ணியதற்குச் சற்று உரத்து ஒலிக்கும். 'திரை விலகியது, பாடகி என் எதிரே நிற்கிறாள்' என்று அன்பர் கண்ணீர் மல்குகிறார். விலகியது திரையன்று, ஏறியது ஒலியளவு. ஒரு டெசிபெலுக்கும் குறைந்த ஏற்றத்தை மனிதச் செவி 'உரப்பு' என உணர்வதில்லை. 'தெளிவு' என்றே உணர்கிறது. அன்றியும், பற்றவைப்பு வேலைக்குப் பெட்டியைப் பிரித்து ஒரு வாரம் கழித்துக் கேட்கும்போது, எதனோடு எதனை ஒப்பிடுகிறார்? ஒலியின் நுண்மையைச் செவி நினைவில் வைத்திருப்பது சில நொடிகளே. ஒரு வாரம் நினைவில் நிற்பது அவர் செலுத்திய விலை ஒன்றே!

இதைக் கடுஞ்சொல் என்று வெகுள்வோர், கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் நெடுங்காலம் ஒலிபெருக்கிகளை ஆராய்ந்த பிளாய்டு டூல், ஷான் ஆலிவ் என்பாருடன் 1994இல் வெளியிட்ட ஆய்வைப் பயிலட்டும். நாற்பது பேர் கேட்டனர், ஒலிபெருக்கிகள் நான்கு. கேட்டவர் யாவரும் அவற்றை உருவாக்கும் நிறுவனத்திலேயே பணியாற்றியவர். திரைக்கு அப்பால் வைத்துக் கேட்டபோது ஒருவகை மதிப்பெண். திரையை நீக்கி, கண்ணால் கண்டு கேட்டபோது மற்றொரு வகை. பெரிய, விலை மிகுந்த பெட்டிகள் கண்ணெதிரே நின்றபோது ஏற்றம் பெற்றன. திரைக்குப் பின்னால் பெரியவற்றோடு போட்டியிட்ட எளிய சிறு பெட்டி, முகம் காட்டியவுடன் சரிந்தது. தேர்வுத்தாளில் மாணவன் பெயரை மறைத்துத் திருத்துவது ஏன் என்பதை அறிந்த ஆசிரியருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இளஞ்சிறாரின் செவி நொடிக்கு 20,000 அதிர்வு வரை உணரும். ஐம்பதைக் கடந்த பெரும்பாலோருக்கு 12,000க்கு மேற்பட்டவை நலிந்தே கேட்கும். பலருக்குக் கேட்பதே இல்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்து, வீட்டுக் கடனை அடைத்து, கையில் காசு மிஞ்சும் பருவமும் அதுவே. மேலொலியைக் கூட்டும் தனி டுவீட்டரை அறுபது வயதில் வாங்கி, அதன் நயத்தைப் பற்றி நாற்பது வரி எழுதுகின்ற அன்பர்மீது சினம் எழுவதில்லை, இரக்கமே பிறக்கிறது. வில்ச்சரோ 1967இல் தம் நிறுவனத்தை விற்றுவிட்டு, செவி மந்தமானோர்க்கான கருவியை ஆராய்வதில் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். மெல்லொலியையும் வல்லொலியையும் அலைவரிசைக்கு ஏற்பத் தனித்தனியே ஒடுக்கிக் கொடுக்கும் தம் முறைக்குக் காப்புரிமை கோராமல் உலகுக்கே விட்டுவிட்டார். ஒலிபெருக்கியைப் பெரிதாக்குவதைவிடச் செவியைப் பேணுவது தலையாயது என்று அந்தப் பேராசிரியர் கருதினார் போலும்.

மலேசிய, சிங்கப்பூர் இல்லங்களின் இயல்பும் இங்கே எண்ணத்தக்கது. வரிசை வீட்டின் கூடம் இருபது இருபத்திரண்டு அடி அகலம். தரையில் ஓடு, சுவரில் சிமெண்டு, மேலே சுழலும் காற்றாடி. ஒலி எங்கு பட்டாலும் திரும்பி வரும். அறையின் அகலத்துக்கேற்ற தாழொலி மட்டும் வீங்கி முழங்கும். கிளிப்ஷ்ஹார்னுக்கு வேண்டிய முழு மூலைகள் இரண்டு எந்தக் கூடத்தில் உள்ளன? ஒரு மூலையில் மாடிப்படி. மறு மூலையில் சமையற்கட்டின் வாயில். அறைக்கு ஒரு கம்பளமும் தடித்த திரைச்சீலையும் நூல் நிறைந்த அலமாரியும் செய்யும் நன்மையில் பாதியைக்கூட வெள்ளி மின்தேக்கி செய்யாது. ஆயினும் கம்பளத்தை மறுவிற்பனை செய்ய முடியாதே!

வெப்பமும் ஈரமும் மிகுந்த இத்தட்பவெப்பம் வேறொரு கேட்டையும் செய்கிறது. 1970களில் பல நிறுவனங்கள் வூபரின் விளிம்பைப் பாலியூரிதேன் நுரையால் செய்தன. ஈரக்காற்று அந்நுரையைச் சிதைக்கும். பதினைந்து இருபது ஆண்டில் விரல் பட்டால் பொடியாகும். குளிர்நாட்டில் மெல்ல நிகழ்வது இங்கே விரைந்து நிகழும். விளிம்பை மாற்றுதல் தக்க பழுதுபார்ப்பு. செய்யும் முறையில்தான் நேர்மை இருக்கிறது. பழைய பசையை முற்றாக நீக்கி, காந்த இடைவெளியில் கம்பிச்சுருள் உரசாதவாறு மெல்லிய தகடுகளைச் செருகி நடுநிறுத்தி, மூலத்தின் அளவும் இளக்கமும் கொண்ட விளிம்பை ஒட்டவேண்டும். தடித்த விளிம்பை ஒட்டினால் கூம்பு விறைத்துத் தாழொலி இளைக்கும். இதைப் பொறுமையோடு செய்பவரைக் கண்டால் கைகூப்பலாம். அவர் சுவடியைப் பூச்சியிடமிருந்து காத்தவர். ஏஆர்-3இன் வூபர் விளிம்போ துணியால் ஆனது. மேற்பூச்சை அளவோடு புதுப்பித்தால் இன்னும் உழைக்கும். அதையும் கிழித்தெறிந்து நுரை ஒட்டுவோர் உளர். 1970இல் ஜேபிஎல் வெளியிட்ட எல்100 பெட்டியின் செம்மஞ்சள், நீல நிறக் கட்டம் போட்ட நுரை முகப்பு உதிர்ந்து போவதும் இத்தகையதே. அது முகப்பு மட்டும். மாற்றிக்கொள்வதால் இசைக்கு ஊறில்லை.

விற்பனையின் மொழிக்கு வருவோம். அங்கேதான் இடைச்செருகல் பொய்யாக முதிர்கிறது. 'அல்னிகோ காந்தம்' என்ற சொல் விளம்பரத்தில் மந்திரம் போல ஓதப்படுகிறது. அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு ஆகியவற்றின் கலவை அது. 1978இல் அந்நாளைய சயீர் நாட்டின் ஷாபா மாநிலத்தில் மூண்ட போரால் கோபால்ட்டின் விலை தாறுமாறாக ஏறியது. உற்பத்தியாளர் பெரைட் காந்தத்துக்கு மாறினர். மாறியதற்குக் காரணம் சுரங்கமும் சந்தையும். பெரைட்டிலும் ஒலித்திரிபைக் குறைக்கும் புதிய காந்த அமைப்பை ஜேபிஎல் பொறியாளர் விரைவிலேயே வகுத்தனர். ஆயினும், அல்னிகோவில் ஆன்மா உண்டு, பெரைட்டில் இல்லை என்று விற்போர் சாதிக்கின்றனர். மிகையான மின்னோட்டத்தால் அல்னிகோ காந்தம் வலு இழக்கக்கூடும் என்பதை அவர்தம் விளம்பரம் எதிலும் காண்பதற்கில்லை.

இதனினும் கொடியது கூறுபோடுதல். முழுமையாக இயங்கும் ஓர் இணைப் பெட்டியை வாங்கி, டுவீட்டர் ஒருவருக்கு, வூபர் மற்றொருவருக்கு, கிராஸ்ஓவர் மூன்றாமவருக்கு என்று பிரித்து விற்றால் முழுப்பெட்டியின் விலையினும் மிகுதி கிடைக்கிறது. மரப்பெட்டி குப்பைக்குப் போகிறது. சிலப்பதிகாரச் சுவடியை ஓலை ஓலையாகப் பிரித்து விற்பவனைத் தமிழர் என்ன பெயரிட்டு அழைப்பர்? பிரித்த உறுப்புகள் வேறு பெட்டிகளில் புகுந்து, 'மூல உறுப்புகளோடு' என்ற சான்றிதழ் பெறுகின்றன. ஆலையில் இணையாகப் பிறந்த இரு பெட்டிகள் இரு கண்டங்களில் அனாதையாகின்றன.

பால் கிளிப்ஷ் 2002இல் மறையும்வரை ஒரு வழக்கம் கொண்டிருந்தாராம். கோட்டின் மடிப்புக்கு உட்புறம் மஞ்சள் நிற வில்லை ஒன்றைக் குத்தியிருப்பார். ஒலிக்கருவி பற்றி எவரேனும் ஆதாரமற்ற பெருமை பேசினால், ஒன்றும் கூறாமல் மடிப்பைப் புரட்டிக் காட்டுவார். அதில் எழுதியிருந்தது காளையின் சாணத்தைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சைச் சொல். வகுப்பறையில் உரைக்கத் தகாத சொல்தான். எனினும் இற்றை விளம்பரங்களைப் படிக்கையில் அவ்வில்லையின் தேவை புலப்படாமற் போகாது.

மறுப்போர் கூற்றையும் கேட்டல் முறை. 'இப்படி வாங்கி, திருத்தி, விற்பவர் இல்லையேல் இப்பெட்டிகள் என்றோ அடுப்பெரிக்கப் போயிருக்கும். நாங்கள் காப்பவர்' என்கின்றனர். இதில் உண்மை உண்டு. கைவிடப்பட்ட திரையரங்குகளிலிருந்தும் இறந்தோர் இல்லங்களிலிருந்தும் இவற்றை மீட்டவர் ஆர்வலரே. பெரியவர் மறைந்தபின், அத்தனை பெரிய பெட்டிகளை வைத்துக்கொள்ள மருமகளுக்கு இடமும் இல்லை, மனமும் இல்லை. ஆக, விற்பதில் குற்றம் காண்பதற்கில்லை. 'மூலத்தில் குறை உண்டு. அக்காலத்துப் பொறியாளருக்குக் கணினி இல்லை. அளந்து பார்த்துச் சீர்திருத்தினால் தவறென்ன?' என்பது இரண்டாம் கூற்று. அளந்து பார்த்தால் தவறில்லை. அளவுக்கருவியை நிறுத்தி, முன்னும் பின்னும் வரைகோடு எடுத்து, இன்ன இடத்தில் இன்ன மாற்றம் என்று காட்டுபவர் உரையாசிரியர்; அவர் மூலத்தை மூலமாகவும் உரையை உரையாகவும் வைக்கிறார். ஆனால் பத்தில் எத்தனை பேர் அளக்கின்றனர்? தம் செவியே அளவுகோல் என்பார்க்கு முன்னைய பத்திகளே விடை. 'எம் பொருள், எம் விருப்பம்' என்பது மூன்றாம் கூற்று. விருப்பம் அவர் வீட்டு வாயில்வரை செல்லும். விற்பனைக்கு வந்த நொடியே, அடுத்து வாங்குபவரின் காசும் நம்பிக்கையும் அதில் கலந்துவிடுகின்றன. பன்னிரண்டு மாதச் சேமிப்பைக் கொடுத்து, இளமையில் வானொலி நிலையத்தில் கண்ட பெட்டி இதுவே என்று நம்பி வாங்கிச் செல்லும் ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர், உள்ளே இருப்பது மூவர் கைப்பட்ட கலவை என்பதை எவ்வாறு அறிவார்?

செய்யத்தக்கது மிக எளிது. கழற்றிய மின்தேக்கி, குமிழ், முனை எதுவாயினும் எறியாமல் ஒரு துணிப்பையிலிட்டுப் பெட்டியோடு வைத்திருக்கலாம். ஆலை ஒட்டிய தாளுக்கு அருகே மற்றொரு தாளை ஒட்டி, எந்த ஆண்டில் எந்த உறுப்பு, எந்த அளவில், எவர் கையால் மாறியது என்று தேதியோடு எழுதலாம். கணிதக் குறிப்பேட்டின் ஒரு பக்கம் போதும். மை உலர ஒரு நிமிடம். அத்தகைய தாளைக் கண்டவுடன், 'மூலமன்று' என்று கூறி விலையைக் குறைத்துக் கேட்கும் வணிகர் இருக்கவே செய்வர். அவருக்கு விற்காமல் இருக்கலாம்.